மீயறவியல்

மீயறவியல் என்பது நன்மை, தீமை, கடமை, உரிமை முதலிய அறக் கருத்துகளின் பொருளையும் அறத் தீர்ப்புகளின் இயல்பையும் ஆராயும் மெய்யியல் பிரிவு. எது சரி, எது தவறு என்பதற்கான பொது நெறிகளை வகுப்பது நெறிமுறை அறவியல். கருணைக்கொலை, மரண தண்டனை போன்ற சிக்கல்களில் அவற்றைப் பொருத்திப் பார்ப்பது பயன்பாட்டு அறவியல். இவ்விரண்டும் கையாளும் சொற்களுக்கு என்ன பொருள், அவற்றுக்கு ஆதாரம் எது என்று கேட்பது மீயறவியல்.

அடிப்படைக் கேள்விகள்

‘பொய்ச்சாட்சி சொல்வது சட்டப்படி குற்றம்’ என்பது உண்மையா என்று சட்டப் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம். ‘பொய்ச்சாட்சி சொல்வது தவறு’ என்பதை எதைக் கொண்டு சரிபார்ப்பது? இதிலிருந்து நான்கு கேள்விகள் கிளைக்கின்றன. இந்த வாக்கியம் ஒரு செய்தியைக் கூறுகிறதா, வெறுப்பையோ கட்டளையையோ வெளியிடுகிறதா? தவறு என்ற பண்பு மனிதரின் விருப்பு வெறுப்புக்கு அப்பால் உலகில் உண்டா? உண்டெனில் அதை எப்படி அறிகிறோம்? தவறு என்று மனமார ஒப்புக்கொண்டவருக்கு அதைச் செய்யாதிருக்கும் உந்துதல் தானாகவே வந்துவிடுமா?

வரலாறு

பிளேட்டோவின் ‘யூத்திஃப்ரோ’ உரையாடலில், புனிதமானது என்பதால் தேவர்கள் ஒன்றை விரும்புகிறார்களா, அவர்கள் விரும்புவதால்தான் அது புனிதமாகிறதா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். அறத்தின் ஆதாரம் பற்றிய விவாதங்களில் இக்கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது. உலகம் எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருபவர்கள், விளக்கம் எதுவும் தராமல், எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தாவிவிடுவதை ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1740-இல் சுட்டிக்காட்டினார்.

இத்துறை இன்றைய வடிவம் பெறக் காரணமானது கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜி. இ. மூர் 1903-இல் வெளியிட்ட ‘பிரின்சிபியா எதிகா’ என்ற நூல். ‘நல்லது என்றால் இன்பம் தருவது’ என ஒருவர் வரையறுப்பதாகக் கொள்வோம். அதன் பிறகும் ‘இது இன்பம் தருகிறது, ஆனால் நல்லதுதானா?’ என்று கேட்பதில் பொருள் இருக்கிறது. ‘இவர் என் தாயின் சகோதரர், ஆனால் எனக்குத் தாய்மாமனா?’ என்று கேட்டால் அப்படியல்ல; கேட்டவருக்குச் சொல்லே விளங்கவில்லை என்போம். எந்த இயற்கைப் பண்பை வைத்து வரையறுத்தாலும் இப்படி ஒரு கேள்வி மிஞ்சுவதால், நன்மை என்பது பகுக்க முடியாத, இயற்கை கடந்த பண்பு என்று மூர் முடிவு செய்தார். இது ‘திறந்த கேள்வி வாதம்’ எனப்படுகிறது.

முக்கியக் கொள்கைகள்

அறத் தீர்ப்பு உண்மை, பொய் எனும் தகுதியே அற்றது, உணர்ச்சியின் வெளிப்பாடு மட்டுமே என்று ஏ. ஜே. அயர் 1936-இல் வாதிட்டார். கேட்பவரின் மனப்பாங்கை மாற்றும் ஆற்றலும் அதற்கு உண்டு என்று சி. எல். ஸ்டீவன்சன் 1944-இல் இதை விரிவாக்கினார். ஆர். எம். ஹேர் 1952-இல் அறச் சொற்களை அனைவருக்கும் பொருந்தும் பரிந்துரைகளாக விளக்கினார்.

ஜே. எல். மேக்கி 1977-இல் ‘பிழைக் கொள்கை’யை முன்வைத்தார். அறத் தீர்ப்புகள் புறவுலக உண்மைகளைக் கூற முயல்கின்றன. அத்தகைய உண்மைகள் இல்லாததால் அவை எல்லாமே பிழை என்பது அவர் நிலைப்பாடு. அற உண்மைகள் உண்டு, அவை இயற்கை உண்மைகளே என்பது ரிச்சர்ட் பாய்ட், நிக்கலஸ் ஸ்டர்ஜன் முதலியோரின் நடப்பியல். தண்ணீர் என்பது இன்ன வேதிச் சேர்மம் என்று ஆய்வில் தெரியவந்ததுபோல, நன்மை எது என்பதையும் சொற்பொருளைப் பகுக்காமலே கண்டறியலாம் என்று கூறி இவர்கள் மூரின் வாதத்தைத் தாண்டுகிறார்கள்.

ஃபிரெகே–கீச் சிக்கல்

அயர், ஸ்டீவன்சன் முதலியோரின் உணர்ச்சிக் கொள்கைக்கு எதிரான வலுவான வாதத்தை, தர்க்கவியலாளர் ஃபிரெகேயின் கருத்தை ஒட்டிப் பீட்டர் கீச் 1965-இல் தெளிவுபடுத்தினார். ‘பொய்ச்சாட்சி சொல்வது தவறு என்றால், பிறரைச் சொல்லத் தூண்டுவதும் தவறு’ என்பவர் பொய்ச்சாட்சியை இன்னும் கண்டிக்கவில்லை. ‘என்றால்’ என்று நிபந்தனைதான் வைக்கிறார். அங்கே வெளிப்படும் வெறுப்பு எதுவுமில்லை. ஆயினும், ‘பொய்ச்சாட்சி சொல்வது தவறு’ என்பதை இத்துடன் சேர்த்தால் ‘தூண்டுவதும் தவறு’ என்ற முடிவு முறையாகக் கிடைக்கிறது. அப்படிக் கிடைக்க, இரண்டு இடத்திலும் ‘தவறு’ ஒரே பொருளில் நின்றாக வேண்டும். உணர்ச்சிக் கொள்கையின் வழியிலேயே இதற்கு விடை காண சைமன் பிளாக்பர்னும் ஆலன் கிபார்டும் முயன்றனர். விவாதம் இன்னும் ஓயவில்லை.

முக்கியத்துவம்

நாஜி வதைமுகாம்களின் படங்களைப் பார்த்த மெய்யியலாளர் ஃபிலிப்பா ஃபுட், இக்கொடுமையைத் தவறு என்பதற்கு நம் மனப்பாங்கைத் தவிர ஆதாரமில்லை என்ற கொள்கையை ஏற்க மறுத்தார். அவருடைய வாழ்நாள் ஆய்வுக்கு அதுவே தொடக்கம். 2001-இல் வெளிவந்த ‘இயற்கை நன்மை’ என்ற நூல் அதன் முதிர்ந்த வடிவம். 1948-ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டி நடந்த விவாதங்களில், உரிமைகளின் பட்டியலில் உடன்பட்ட பலர் அவற்றுக்கான காரணத்தில் உடன்படவில்லை என்று மெய்யியலாளர் ஜாக் மாரித்தேன் பதிவு செய்தார். உரிமை கோருபவருக்கு அந்த உடன்பாடு பெருந்துணை. ஆனால் அந்த உரிமையையே ஒருவர் மறுக்கும்போது, ‘எங்களுக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்கு மேல் அவரிடம் சொல்ல நியாயம் இருக்கிறதா என்ற கேள்வி வந்துவிடுகிறது. மீயறவியல் விடை தேடுவது அதற்குத்தான்.