‘ஷ்ரைவ்’ என்னும் பழைய சொல்

திருநீற்றுப் புதனுக்கு முந்தின நாளுக்கு ஆங்கிலத்தில் ‘ஷ்ரோவ் டியூஸ்டே’ என்று பெயர். அதில் வரும் ‘ஷ்ரோவ்’ எங்கிருந்து வந்தது? இன்று பேச்சில் ஏறக்குறைய மறைந்துபோன ‘ஷ்ரைவ்’ என்னும் வினைச்சொல்லின் உறவு அது. பாவசங்கீர்த்தனம் கேட்டு, அபராதம் விதித்து, பாவமன்னிப்பு அளிப்பதை அச்சொல் குறித்தது. தவக்காலத்துக்கு முன் மக்கள் குருவிடம் சென்று ஒப்புரவான நாள்கள் என்பதாலேயே அப்பெயர் வந்தது.

இதன் வேர் லத்தீன் மொழியின் ‘ஸ்க்ரீபெரே’. ‘எழுதுதல்’ என்று பொருள். ஜெர்மானியர் இச்சொல்லை வாங்கி, இன்றும் எழுதுவதையே ‘ஷ்ரைபன்’ என்கிறார்கள். ஆங்கிலேயருக்கோ எழுதுவதற்கு ‘ரைட்’ என்ற சொந்தச் சொல் இருந்தது. ஆகவே வந்த சொல் ‘விதித்தல்’ என்ற பொருளில் நிலைத்து, திருச்சபையில் அபராதம் விதிப்பதற்கு உரியதாயிற்று. அன்று குருக்களின் கையில் அபராத நூல்கள் இருந்தன. ஐரிஷ் துறவியரிடம் வளர்ந்த வழக்கம் அது. 668 முதல் 690 வரை கான்டர்பரி பேராயராக இருந்த புனித தியடோரின் பெயராலும் ஒரு நூல் உண்டு. எந்தப் பாவத்துக்கு எத்தனை காலம் ரொட்டியும் தண்ணீருமாக நோன்பிருக்க வேண்டும் என்பதுவரை அவற்றில் காணலாம். சில அபராதங்கள் ஆண்டுக்கணக்கில் நீண்டன!

மருத்துவர் எழுதித் தரும் ‘பிரிஸ்கிரிப்ஷன்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததுதான். ‘நம் பாவத்தைச் சாமியார் மனதில் குறித்து வைத்துக்கொள்வாரோ’ என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே வரத் தயங்குவோர் எல்லாப் பங்குகளிலும் உண்டு. அவர்களுக்கு இந்தச் சொல்லின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். குரு ‘எழுதியது’ பாவியின் பாவத்தை அல்ல, அதற்கான மருந்தையே. கேட்டதை எக்காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் எண் குருக்களாகிய எங்களைக் கட்டுப்படுத்துகிறது.

‘ஷ்ரைவ்’ மறைந்தாலும் அதன் பெயர்ச்சொல் ‘ஷார்ட் ஷ்ரிஃப்ட்’ என்ற தொடரில் பிழைத்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘மூன்றாம் ரிச்சர்டு’ நாடகத்தில், தலை வெட்டப்படவிருக்கும் ஹேஸ்டிங்ஸ் பிரபுவைப் பாவசங்கீர்த்தனத்தைச் சுருக்கமாக முடிக்கும்படி அவசரப்படுத்துகிறார்கள். இன்று அத்தொடருக்கு, ஒருவரைப் பொறுமையாகக் கேளாமல் அனுப்பிவிடுதல் என்று பொருள். புனித வாரத்தில் வரிசை வாசல்வரை நீளும்போது நாங்களும் அதைச் செய்திருக்கிறோம்.