வென்றவன் ஏன் இழக்க வேண்டும்?

பாட்டுக்குப் பூட்டு! பாரதியின் பாட்டுக்கே பூட்டு! எட்டயபுரத்தில் பிறந்து, நெல்லையில் பயின்று, கடையத்தில் வறுமையோடு போராடி, 1921-இல் மறைந்தார் அக்கவிஞர். பொருநைக் கரையிலே உழவனும் மாணவனும் பாடி மகிழ்ந்த அவர் பாடல், பின்னர் விலைபேசும் பொருளாயிற்று. 1948-இல் வெளிவந்த 'பில்ஹணன்' படத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாடலைச் சேர்த்தனர். ஒலியுரிமை தம்முடையது என்று ஏவி. மெய்யப்பன் தரப்பு வழக்கறிஞர் அறிவிப்பு விடுத்தது. பாரதியை நாட்டுக்குப் பொதுவாக்குக என்ற குரல் ஓங்கிற்று. 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. பிறகு அது மக்களுடைமை ஆயிற்று.

பாரதிக்காக நாடு பேசிற்று. பெயரறியாத பதிப்பாளனுக்காகப் பேசுவார் யார்? பாளையங்கோட்டையில் சிற்றச்சகம் நடத்தும் ஒருவன்மீது, பதிப்புரிமையை மீறினான் என்று பொருள்படைத்தவர் வழக்குத் தொடுப்பதாகக் கொள்வோம். குற்றமற்றவன், இறுதியில் வெல்கிறான். எனினும் வாய்தா தோறும் கொடுத்த பணம்? வழக்கறிஞர் கட்டணம்? வென்றவன் வீடு ஏலத்துக்கு வருமானால், அந்த வெற்றிக்குப் பெயர் என்ன, தோழர்களே?

இந்த அநீதி இன்று நேற்றுத் தோன்றியதன்று. நம் நீதிமுறைக்கு மூலமான இங்கிலாந்தில், வழக்குத் தொடுத்து வென்றவனுக்குச் செலவுத்தொகை தரும் சட்டம் 1278-இல் பிறந்தது. எதிர்த்து நின்று வென்றவனோ 1531 வரை காத்திருந்தான். அப்போதும் சிலவகை வழக்குகளுக்கே வழி பிறந்தது. பொதுவான உரிமை 1607-இல்தான் கிட்டியது. முந்நூறு ஆண்டுகள் தராசு ஒருபக்கமே சாய்ந்திருந்தது!

கடல் கடந்த அமெரிக்காவிலும் அதே சாய்வு. ஜான் ஃபோகர்ட்டி என்ற பாடகர், தம் பழைய பாட்டைத் தாமே திருடியதாக வழக்கில் இழுக்கப்பட்டார். பழைய பாட்டின் உரிமை வேறொருவர் கையில்! 1988-இல் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்காளி வென்றால் செலவு எளிதில் கிடைக்கும். எதிராளி வென்றாலோ, தொடுத்த வழக்கு அற்பமானது அல்லது தீய நோக்கம் கொண்டது என்று மெய்ப்பிக்க வேண்டும் என்றன கீழ்மன்றங்கள். 1994-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இருவருக்கும் ஒரே அளவுகோல் என்றது. முடிவில் அவருக்குக் கிடைத்தது 13 இலட்சம் டாலருக்கும் மேல்.

இங்கே? 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, தோற்றவரே செலவைத் தருவது முறை என்கிறது. மாறாக ஆணையிடும் நீதிபதி காரணத்தை எழுத வேண்டும். பொய்வழக்குக்கான இழப்பீட்டுச் செலவோ 1922-இல் 1,000 ரூபாய், 1976-இல் 3,000 ரூபாய் என்ற வரம்புக்குள் அடைபட்டது. அது போதாதென்று 2011-இல் உச்சநீதிமன்றமே சொல்லிற்று. 2015-ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டம், வணிக வழக்குகளில் அவ்வரம்பை நீக்கி, நியாயமான வழக்கறிஞர் கட்டணத்தையும் செலவில் சேர்த்தது. குறிப்பிட்ட மதிப்புக்குக் குறைந்த வழக்குகளுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. எளியவன் நிற்பது பெரும்பாலும் அங்கேதான்!

வழக்கில் சிக்கிய தோழர்கள் பதிலுரையிலேயே செலவைக் கோருக. ஒவ்வொரு சீட்டையும் காத்திடுக. 'செலவுத்தொகையுடன் தள்ளுபடி' என்ற இரு சொற்கள் தீர்ப்பில் ஏறட்டும். செலவுக்கு அஞ்சிக் குற்றமற்றவன் வாய் மூடினால், இழப்பு அவனுக்கு மட்டுமா? அவன் அச்சிட இருந்த நூலை இழப்பது நாடல்லவா!