அலகே ஆப்பு: ஜப்பான் இழைப்புளியின் கதை

ஜப்பானில் இழைப்புளிக்குக் 'கன்னா' என்று பெயர். நம்மூர் மாதிரி தள்ளுவதில்லை, தன் பக்கம் இழுத்துத்தான் சீவுவார்கள். இது பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் நல்ல கன்னா ஒன்றை வாங்கிய அன்றே வேலைக்கு எடுக்க முடியாது என்பது தெரியுமா? அலகு கட்டைக்குள் முழுசாக இறங்காது. மிச்ச வேலை வாங்கினவர் தலையில்! (காஸ்ட் அக்கவுண்டிங் படிக்கிற மக்களே, இதை முடிந்த சரக்கில் எழுதுவீர்களா, முடியாத சரக்கிலா?)

கட்டை வைத்த கன்னா அங்கே ரொம்பப் பழசு இல்லை. ஏழாம் நூற்றாண்டில் ஹோர்யூஜி கோவிலைக் கட்டிய தச்சர்களிடம் இருந்தது 'யாரிகன்னா'. நீளக் கைப்பிடி, முனையில் ஈட்டி போல ஓர் அலகு, அவ்வளவுதான். எத்தனை ஆழம் சீவுவது என்பதைக் கை தீர்மானிக்கும். மரத்தில் சின்னச் சின்ன அலைகளாகத் தடம் விழும். 15, 16ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் சீனப் பக்கமிருந்து வந்த கட்டை வைத்த வகை பரவியது. ஆழத்தைத் தீர்மானிக்கும் வேலை கையிலிருந்து கட்டைக்குப் போய்விட்டது.

அதனால்தான் அலகைப் பொருத்துவதில் அத்தனை பாடு. நம்மூர் இழைப்புளியில் அலகை ஓர் ஆப்பு இறுக்கிப் பிடிக்கும். கன்னாவில் பழைய முறைப்படி ஆப்பே கிடையாது, அலகேதான் ஆப்பு. மேலே தடித்தும் கீழே மெலிந்தும் இருப்பதால், ஓக் கட்டையின் இரு பக்கக் காடிகளில் தானாக இறுகி நிற்கும். பொருத்துபவர் அலகின் முதுகில் மையோ பென்சில் கரியோ தடவி, தட்டி இறக்கி, வெளியே எடுத்துப் பார்ப்பார். கட்டையில் கறுப்பு ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் லேசாகச் சுரண்டுவார். மறுபடி தடவு, தட்டு, எடு, சுரண்டு. அவசரப்பட்டு அதிகம் சுரண்டினால் அலகு ஆடும். அப்புறம் காகிதம் ஒட்டித்தான் சரிக்கட்ட வேண்டும். அகலவாக்கில் மட்டும் இரண்டு ஓரமும் கொஞ்சம் இடம் விடுவார்கள். இல்லையென்றால் வறண்ட மாதங்களில் கட்டை சுருங்கும்போது அலகே அதைப் பிளந்துவிடும்.

திருத்துவதும் சுத்தியலால்தான், திருகாணி எதுவும் இல்லை. அலகின் தலையில் தட்டினால் அது இறங்கும். கட்டையின் பின்முனையில் இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தட்டினால் மேலேறும். கட்டையைக் கவிழ்த்துக் கண்ணுக்கு நேரே பிடித்தால் அலகின் விளிம்பு மயிரிழையாகத் தெரியும். ஒரு பக்கம் குறைந்திருந்தால் அந்தப் பக்கத்துத் தலைமூலையில் இன்னொரு சின்னத் தட்டு.

1876ல் பொது இடங்களில் வாள் அணியத் தடை வந்தது. வாள் கொல்லர்களின் பிழைப்பு போய், பலர் தச்சுக் கருவிகளுக்கு மாறினார்கள். வாள் கொல்லர் குடும்பத்தில் வந்த சியோசுரு கொரேஹிதே (1874-1957) பெயர் வாங்கியது இழைப்புளி அலகுகளுக்குத்தான். மெய்ஜி காலத்தில்தான் (1868-1912) அலகின் மேல் இரண்டாவதாக ஒரு சின்ன இரும்பும் சேர்ந்தது. நார் பிய்வதைத் தடுக்கும் வசதி அது. சுத்தமான ஆட்கள் ஒற்றை அலகே போதும் என்பார்கள். :-)

யாரிகன்னா என்ன ஆனது? வழக்கொழிந்துபோய், பிடிக்கத் தெரிந்தவரே இல்லாமல் போனது. ஹோர்யூஜி கோவில் தச்சர் நிஷியோகா சுனேகாசு (1908-1995) பழைய தூண்களில் இருந்த தடங்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு வாள் கொல்லரிடம் அலகு அடித்து வாங்கி, அதைப் பிடிக்கும் விதத்தைத் தானே பழகினார். 1981ல் யாகுஷிஜி கோவிலின் மேற்குக் கோபுரத்தை அவர் தலைமையில் புதிதாக எழுப்பி முடித்தபோது, அந்த அலைத் தடம் புது மரத்தில் மறுபடி விழுந்திருந்தது.