பினாங்கு வானில் பறந்த பழைய விமானங்கள்

1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் நகரின் மீது பறந்து வந்தபோது மக்கள் ஓடி ஒளியவில்லை. கடையை விட்டும் வீட்டை விட்டும் தெருவுக்கு வந்து, அண்ணாந்து வேடிக்கை பார்த்தனர். வரிசை பிசகாமல் வானூர்திகள் வந்த காட்சி அவர்கள் கண்ணுக்குத் திருவிழாப் போலிருந்தது. அடுத்துக் குண்டுகள் விழுந்தன. வேடிக்கை பார்த்து நின்றவர்களில் பலர் நின்ற இடத்திலேயே மாண்டனர்.

என் பாட்டி அந்நாளில் கடலுக்கு இக்கரையில், இன்று செபராங் பிறை என்று வழங்கும் பகுதியில், ஒரு தோட்டத்து லயத்தில் இருந்தவர். அக்கரையில் எழுந்த புகையை அவர் கண்டார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான பின்பும், விமான ஓசை கேட்டால் போதும், பேரப்பிள்ளைகளான எங்களைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவார். எங்களுக்கோ விமானம் என்றால் உயிர். பட்டர்வொர்த் தளத்திலிருந்து ஆஸ்திரேலியரின் மிராஜ் விமானங்கள் பால்மரங்களின் உச்சியை உரசுவதுபோல் பறந்து சென்ற காலம் அது. பாட்டியின் பிடியிலிருந்து நழுவி வாசலுக்கு வருமுன் விமானம் மறைந்திருக்கும். ஓசை மட்டும் பின்னால் வந்து கொண்டிருக்கும்.

பினாங்கைச் சூழ்ந்த வானத்தில் பறந்த அந்த விமானங்கள் இன்று எங்கே இருக்கின்றன? பிற்காலத்தில் ஆசிரியர் பயிற்சி பெற்று, வரலாறு கற்பிக்கத் தொடங்கிய பிறகு என்னை விடாது பிடித்துக்கொண்ட வினா இது. விடை தேடப் போனால், பழைய விமானத்தைப் பாதுகாப்பது என்பதே என்ன என்ற பெரிய வினாவில் போய் முடிகிறது.

முதலில் பட்டர்வொர்த்திலிருந்தே தொடங்குவோம். 1941 டிசம்பர் 9ஆம் நாள், தாய்லாந்தின் சிங்கோரா விமானத் தளத்தைத் தாக்குமாறு அங்கிருந்த பிரிட்டிஷ் படையினருக்குக் கட்டளை வந்தது. 62ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஆர்தர் ஸ்கார்ஃப் தமது பிளெனிம் விமானத்தில் முதலில் மேலெழுந்தார். மற்றவை எழுமுன் ஜப்பானியர் தளத்தின் மீது குண்டு பொழிந்து, தரையில் நின்ற விமானங்களைப் பறக்க இயலாதபடி செய்துவிட்டனர். ஸ்கார்ஃப் திரும்பவில்லை. தன்னந்தனியாகச் சிங்கோரா சென்று குண்டுகளை வீசினார். திரும்பும் வழியில் எதிரி விமானங்கள் சூழ்ந்துகொண்டன. ஒரு கை சிதைந்து, முதுகிலும் காயமுற்று, உடன் சென்றவர்கள் தாங்கிப் பிடிக்க விமானத்தைச் செலுத்திவந்து, அலோர் ஸ்டாருக்கருகில் நெல் வயலொன்றில் இறக்கினார். உடன் வந்த இருவருக்கும் அந்த இறக்கத்தில் காயமில்லை. அவர் அன்றே மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருடைய மனைவி அங்கே தாதியாகப் பணிபுரிந்தவர். கணவருக்குத் தம் இரத்தத்தையே கொடுத்தார். விக்டோரியா சிலுவை விருது 1946இல்தான் அறிவிக்கப்பெற்றது. அவரது கல்லறை தைப்பிங் போர் மயானத்தில் இருக்கிறது. தைப்பிங் செல்லும் அன்பர்கள் ஏரிப் பூங்காவோடு திரும்பிவிடாமல் அங்கும் ஒருமுறை போய் வரலாம்.

ஸ்கார்ஃப் ஓட்டியது பிளெனிம் விமானத்தின் முதல் வகை. அவ்வகையில் பறக்கக்கூடியது இன்று உலகில் ஒன்றே ஒன்று. இங்கிலாந்தின் டக்ஸ்போர்டில் இருக்கிறது. அதன் கதை விசித்திரமானது. ஒரு குழுவினர் பன்னிரண்டு ஆண்டு உழைத்து ஒரு பிளெனிம் விமானத்தைச் செப்பனிட்டு 1987 மே மாதத்தில் பறக்கவிட்டனர். ஒரு மாதத்துக்குள் அது விழுந்து நொறுங்கியது. மனம் தளராமல் மற்றொன்றைக் கட்டி 1993இல் பறக்கவிட்டனர். பத்தாண்டு பறந்த பின் 2003இல் அதுவும் விபத்துக்குள்ளானது. நல்வேளையாக இரு முறையும் உயிர்ச்சேதம் இல்லை. மூன்றாம் முறையாக 2014 நவம்பரில் எழுந்தது. உடற்பகுதி, கனடாவில் பொலிங்புரோக் என்ற பெயரில் உரிமம் பெற்றுக் கட்டப்பட்ட விமானத்தினுடையது. மூக்குப்பகுதி மட்டும் போர்க்காலத்து உண்மையான பிளெனிமின் மூக்கு. யுத்தம் முடிந்ததும் ஒருவர் அதை வாங்கி, சிறு மோட்டார் வண்டியொன்றின் அடிச்சட்டத்தில் பொருத்தி, மின்சாரத்தால் ஓடும் காராக்கிச் சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தார்! இரும்புக் கடையில் உருகிப் போயிருக்க வேண்டியது, ஒரு மனிதரின் விளையாட்டுப் புத்தியால் பிழைத்தது.

மூக்கு ஒன்று, உடல் வேறொன்று, மூன்று முறை கட்டியது. இதைப் பழைய விமானம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நம்மவர்க்கு இந்த வினா அவ்வளவு புதிதன்று. கோயில் தேரின் அச்சு இற்றுப்போனால் மாற்றுகிறோம், சக்கரம் மாறுகிறது, மேலடுக்கில் பலகை மாறுகிறது. ஆனாலும் பாட்டன் இழுத்த தேர் என்றுதான் வடத்தைப் பிடிக்கிறோம். ஓடுவதற்காக உள்ள பொருளை ஓடவைத்தே காக்க வேண்டுமென்பது ஒரு நெறி.

ஆனால் விமானம் தேரைப்போல் பொறுமையானதன்று. அதன் உடல் அலுமினியத்துடன் சிறிது செம்பு கலந்த உலோகத் தகடு. கலவையால் வலிமை கூடுகிறது. அரிக்கும் தன்மையும் கூடுகிறது. நம் பினாங்குக் கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தால், மேலே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளே தகடு வெங்காயச் சருகுபோல் அடுக்கடுக்காய்ப் பிரியும். மக்னீசியம் கலந்த பகுதிகளோ பொடியாய் உதிரும். அரிப்போடு களைப்பும் உண்டு. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடிவதுபோல, இறக்கையைத் தாங்கும் உத்தரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு தோன்றும். ஆகவே பறக்கவிட எண்ணுவோர் ஆணியாணியாகப் பிரித்து, கதிர்ப்படம் எடுத்துப் பார்த்து, ஐயமுள்ள ஒவ்வொரு பகுதியையும் புதிதாகச் செய்கின்றனர். எத்தனை பாதுகாப்போ அத்தனை பழைமை போய்விடுகிறது. அருங்காட்சியகத்தார் வழி இதற்கு நேர்மாறு. ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய கூடத்தில், அடித்த வண்ணம், ஒட்டுப்போட்ட தகடு, துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை எல்லாவற்றையும் இருந்தபடியே காப்பர். விமானம் ஊமையாகிவிடும், சான்று கெடாது.

எது சரி என்பதற்குப் பஃபலோ விமானம் எனக்கு விடை சொல்லிற்று. மலாயாவைக் காக்க வந்து, வடக்கே சுங்கை பட்டாணியிலும் பட்டர்வொர்த்திலும் நின்று, ஜப்பானிய வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் அழிந்த குட்டைத் தடியன் அது. இங்கே பறந்தவற்றுள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பின்லாந்துக்கு விற்கப்பட்டவற்றுள் ஒன்று, 1942இல் ஓர் ஏரியில் இறங்கி மூழ்கியது, 1998இல் ரஷ்ய எல்லைக்குள் வெளியே எடுக்கப்பட்டது. 56 ஆண்டு நீருக்கடியில் கிடந்த அதனை இன்று பின்லாந்து விமானப்படை அருங்காட்சியகத்தில் புதுப்பிக்காமல், காயங்களோடே காட்டுகிறார்கள். அதைப் பிரித்துப் புதுத் தகடு அடித்துப் பறக்கவிட்டிருந்தால் பெருங்குற்றம் என்பேன். எஞ்சியது ஒன்றேயானால் அதைத் தொடக்கூடாது. பல எஞ்சியிருந்தால் ஒன்றிரண்டைப் பறக்கவிடலாம். என் கட்சி இதுதான்.

பல எஞ்சியிருப்பதற்கும் ஒரு காரணம் வேண்டுமே! இங்கேதான் இந்தியாவின் பங்கு வருகிறது. ஜப்பானியர் வசமிருந்த பினாங்குத் துறைமுகத்தை ஜெர்மன் நீர்மூழ்கிகளும் பயன்படுத்தி வந்தன. 1944 அக்டோபரில், வங்காளத்து டிக்ரி தளத்திலிருந்து 159ஆம் படைப்பிரிவின் லிபரேட்டர் விமானங்கள், போகவர ஏறத்தாழ 3,000 மைல் பறந்து, இத்துறைமுக வாயிலில் கண்ணிவெடிகளை இட்டுச் சென்றன. நான்கு என்ஜின் கொண்ட பெரிய விமானங்கள் அவை. யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவோடு செய்திருந்த உடன்படிக்கைப்படி இவ்வகை விமானங்கள் கான்பூரில் உடைத்துப் போடப்பட்டன. என்ஜின்களில் மணலைக் கொட்டினர், உடலைக் கோடரியால் பிளந்தனர். எவரும் மறுபடி பறக்கவிடக் கூடாதென்பது நோக்கம்.

சுதந்திர இந்தியாவுக்கு அந்நேரம் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டது, வாங்கப் பணமில்லை. பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையார் 1948 முதல் அந்தக் குப்பைமேட்டில் இறங்கி, ஒன்றின் இறக்கையையும் மற்றொன்றின் வாலையும் சேர்த்து, பறக்கும் அளவுக்குச் சரிசெய்து பெங்களூருக்கு ஓட்டிச் சென்று, அங்கே முழுமையாகச் செப்பனிட்டனர். இப்படி நாற்பதுக்கு மேற்பட்டவை உயிர்பெற்றன. கான்பூரிலிருந்து அவற்றை ஓட்டிச் சென்ற ஜாம்ஷெட் முன்ஷியின் துணிவை என்னென்பது! 1968 இறுதிவரை இந்திய விமானப்படை அவற்றைப் பயன்படுத்தியது. மற்ற நாடுகளில் லிபரேட்டர் அருகிப் போயிருந்த வேளை அது. இந்தியா ஒன்றைக் கனடாவுக்கும், ஒன்றை அமெரிக்காவுக்கும், 1974இல் ஒன்றைப் பிரிட்டனின் விமானப்படை அருங்காட்சியகத்துக்கும் கொடுத்தது. இன்னொன்று அமெரிக்கா சென்று செப்பனிடப்பட்டு 1989இல் மீண்டும் பறந்தது. கட்டியவர்கள் உடைத்தெறிந்ததை, ஏழை நாடு ஒட்டுப்போட்டுக் காத்து, பிறகு கட்டியவர்களுக்கே பரிசாய் வழங்கிற்று. அருங்காட்சியகத்துக்காக அன்று எவரும் அதைச் செய்யவில்லை, பிழைப்புக்காகச் செய்தார்கள். அதனாலென்ன?

எங்கள் வாசலுக்கு மிக அருகிலிருந்த விமானத்துக்கு வருகிறேன். 1958இல் பட்டர்வொர்த் ஆஸ்திரேலிய விமானப்படையின் பொறுப்பில் வந்தபோது கூடவே வந்தவை சேபர் விமானங்கள். அமெரிக்க வடிவந்தான், ஆனால் மெல்போர்னில் கட்டியவர்கள் அதில் ரோல்ஸ் ராய்ஸ் ஏவன் என்ஜினைப் பொருத்தி, ஆறு இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பதிலாக 30 மில்லிமீட்டர் பீரங்கி இரண்டை வைத்து, உடலின் பெரும்பகுதியையே மாற்றிவிட்டார்கள். மொத்தம் 112 தான் கட்டினர். மிராஜ் வந்த பிறகு, 1969 முதல் சில சேபர்கள் மலேசியாவுக்கு நன்கொடையாக வழங்கப்பட்டன. நம் விமானப்படையின் முதல் ஜெட் போர்விமானங்கள் அவைதாம், பட்டர்வொர்த்திலேயே நின்றன. எழுபதுகளின் நடுவில் எஃப்-5 விமானங்கள் வந்ததும் ஓய்வு பெற்றன.

அவற்றுள் ஏ94-983 என்ற எண்ணுடையதை மலேசியா எழுபதுகளின் இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கே திருப்பிக் கொடுத்தது. அங்கே அதைச் செப்பனிட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் பறக்கவிட்டனர். பின்னர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து டெமோரா என்னும் சிற்றூரின் விமான அருங்காட்சியகத்தில் மறுபடியும் வேலை நடந்து 2009இல் எழுந்தது. ஆஸ்திரேலியாவில் கட்டியவற்றுள் மீண்டும் வானேறியது அதுவே. 2019இல் டெமோராவிலிருந்த விமானங்கள் ஆஸ்திரேலிய விமானப்படைக்கு உரிமையாக்கப்பட்டன. 2021இல் இவற்றுக்கென்றே 100ஆம் படைப்பிரிவு மீண்டும் அமைக்கப்பட்டது. சேபரைக் காப்பதில் இடர் பல. விமானியை வெளியே எறியும் இருக்கையில் உள்ள வெடிமருந்துத் தோட்டாவுக்குக் கெடு உண்டு, கெடு தீர்ந்தால் மாற்ற வேண்டும், செய்வோர் அருகிவிட்டனர். இப்படி ஒரு சிறு பொருளுக்காக ஒரு பெரிய விமானம் கொட்டகையில் காத்துக் கிடக்க நேரும்.

தகட்டையும் என்ஜினையும்விடக் கிடைத்தற்கரியது காகிதம். எந்த நாளில் எவர் எந்தப் பகுதியை மாற்றினார், எத்தனை மணி பறந்தது என்னும் பதிவேடு இல்லையேல், நல்ல உறுப்பையும் நம்பிப் பறக்க முடியாது. பழைய உறுப்பு நூறு கிடைத்தாலும் அதன் சான்றிதழ் கிடைக்காவிட்டால் அது காட்சிக்கு ஆகுமேயன்றிப் பறப்புக்கு ஆகாது. இதை வாசித்த அன்று எனக்கு என் பழைய பள்ளி நினைவு வந்தது. தோட்டம் கைமாறி, பள்ளியை வேறிடத்துக்கு மாற்றியபோது, ஐம்பது ஆண்டு வருகைப் பதிவேடுகளைக் கறையான் பிடித்தவை என்று சொல்லி ஒரே பிற்பகலில் கொளுத்திவிட்டார்கள். நான் அப்போது இளைய ஆசிரியன், வாய் திறக்கவில்லை. பால்மரக் காட்டில் பிறந்து படித்த எத்தனையோ பேருக்கு அந்தப் பதிவேட்டு வரி ஒன்றே சான்றாக இருந்தது.

சென்ற ஆண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டெமோரா சேபரின் படத்தைக் காட்டி இந்தக் கதையைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி எழுந்து, “ஐயா, அப்படின்னா அது நம்ம விமானமா, அவங்க விமானமா?” என்றாள். அவர்கள் கட்டினார்கள், நமக்குக் கொடுத்தார்கள், நாம் பறக்கவிட்டோம், திருப்பிக் கொடுத்தோம், அவர்கள் காக்கிறார்கள் என்று விரலை மடக்கிச் சொன்னேன். அவள் சிறிது யோசித்து, “நம்ம ஊர்ல பறந்தப்ப யார் அதை ரிப்பேர் செஞ்சாங்கன்னு அந்தப் புத்தகத்துல எழுதியிருக்குமா?” என்று கேட்டாள். முறையாக வைத்த பதிவேடானால் ஒவ்வொரு வேலைக்கும் எதிரே ஒரு கையொப்பம் இருக்கும் என்றேன். மணி அடித்துவிட்டது.