செராஸ் சாலையில் ஒரு ஞாயிறு: கல்லூரிப் பிள்ளையைக் காணச் சென்ற பெற்றோர்

மலேசியத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் யாவரும் சட்டங்களையும் அறிக்கைகளையும் கொண்டே அதனை எழுதியுள்ளனர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 1951ஆம் ஆண்டின் பார்ன்ஸ் அறிக்கை, 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, 1960ஆம் ஆண்டின் ரகுமான் தாலிப் அறிக்கை என்று அவ்வரலாறு நடந்து செல்லும். அஃது வேண்டற்பாலதே. ஆயினும் எந்த அறிக்கையிலும் இடம்பெறாத சிறு பயணம் ஒன்றுண்டு. தோட்டத்து லயத்திலிருந்து ஒரு தாயும் தந்தையும் ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டு, ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் தங்கிப் படிக்கும் தம் பிள்ளையைக் கண்டு, மாலைக்குள் திரும்பிய பயணமே அது.

பண்டைத் தமிழ் இலக்கணம் கல்விக்காகப் பிரிவதை அறிந்திருந்தது. ஓதற்பிரிவு மூன்றாண்டினைக் கடவாது என வரம்பும் கட்டிற்று தொல்காப்பியம். ஆனால் அப்பிரிவு தலைவன் தலைவியைப் பிரியும் பிரிவு. நற்றாய் புலம்புவதற்கும் இலக்கணம் உண்டு. அதுவோ உடன்போக்கில் சென்ற மகளை எண்ணிப் புலம்புவது. படிக்கப்போன பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர்க்குத் துறை வகுத்தார் எவருமிலர். பிள்ளை வாழும் இடம் பெற்றோர் ஒரே நாளிற் சென்று மீளக்கூடிய தொலைவில் அமைந்தாலன்றோ இப்படி ஒரு வழக்கம் பிறக்கும்?

மலாயாவில் அஃது அமைய நெடுங்காலம் ஆயிற்று. 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி எழுந்தது, ஆசிரியர் எங்கிருந்து வருவார் என்ற வினாவுக்கு மட்டும் விடை எழவில்லை. கிராணியோ கங்காணியோ எழுத்தறிந்த தொழிலாளியோ பிரம்பை எடுத்துக்கொண்டால் அவரே வாத்தியார். மலாய் ஆசிரியர்க்குத் தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டிலேயே சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி திறக்கப்பட்டது. தமிழாசிரியர்க்கு அத்தகைய விடுதிக் கல்லூரி ஒன்று கட்டப்படவில்லை. 1930களின் பிற்பகுதியில் ‘நார்மல் வகுப்பு’ எனப்பட்ட பகுதிநேரப் பயிற்சி வந்தது. வாரமெல்லாம் தோட்டத்தில் பாடம் நடத்திய ஆசிரியர், வார இறுதியில் பட்டணம் சென்று தாம் பாடம் கேட்டுத் திரும்பினார். ஆகவே தமிழ்க் கல்வியில் வார இறுதிப் பயணம் என்பது முதலில் ஆசிரியரின் பயணமே. சட்டையை மடித்துப் பையில் வைத்துச் சைக்கிளில் பெருஞ்சாலைக்கு வந்து பேருந்து ஏறியவர் அவர். அவர் வீடு திரும்பக் காத்திருந்த பெற்றோர் அவரைக் காணச் செல்ல வேண்டிய தேவையே இல்லை.

ஆங்கிலப் பள்ளியிற் படித்து ஆசிரியராக விரும்பியோர் நிலை வேறு. 1952 முதல் 1962 வரை இங்கிலாந்தில் லிவர்பூல் நகரை அடுத்த கெர்பியில் மலாயா ஆசிரியர்க் கல்லூரி இயங்கியது. வுல்வர்ஹாம்டனுக்கு அருகே பிரின்ஸ்போர்டு லாட்ஜ் என்ற மற்றொன்றும் 1955 முதல் 1964 வரை நடைபெற்றது. விடுதலை நாள் முடிவானதைத் துங்கு அப்துல் ரகுமான் 1956 பிப்ரவரியில் கெர்பி மாணவர்க்கு நேரிற் சென்று சொன்னார். அந்நற்செய்தியைப் பெற்றோருக்கு முன்னே பிள்ளைகள் கேட்ட பேறு அது. ஆனால் ஈராண்டுப் படிப்பு முடியும்வரை அப்பிள்ளைகளைப் பெற்றோர் காண்பது எங்ஙனம்? கப்பலில் சென்றால் வாரக்கணக்காகும். துறைமுகத்தில் வழியனுப்பிய கையோடு காத்திருந்ததே அவர்கள் செய்ய முடிந்தது. தமிழகத்துக்குப் படிக்கச் சென்றோர்க்கும் ‘ரஜூலா’ போன்ற கப்பல்களே வழி. 1973ஆம் ஆண்டில் அக்கப்பல் ஓய்வு பெறும்வரை மலாயாத் தமிழரின் நினைவில் அதுவே கடலின் மறுபெயராக இருந்தது.

உள்நாட்டிலும் ஒரு தடை இருந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்டங்களைச் சுற்றி முள்வேலி போடப்பட்டது. ஊரடங்கு நேரம் வந்தால் வாயில் அடைக்கப்படும். காஜாங் வட்டாரம் கலகக்காரர் நடமாட்டத்துக்குப் பேர்போனது. செராஸ் சாலையோ கோலாலம்பூரையும் காஜாங்கையும் இணைப்பது. கட்டுப்பாடு மிகுந்த பகுதிகளில் உணவுப் பொருள் வெளியே செல்லாதபடி வாயிலிற் சோதனை நடந்தது. காட்டிலிருப்போர்க்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்பது அதன் நோக்கம். மரம் வெட்டப் போகிறவர் பகலுணவு கொண்டுபோவதற்கே தடை இருந்த இடங்களுண்டு. தமிழ்த் தாய் ஒருத்தி பிள்ளையைப் பார்க்கப் போகிறாள், கையில் தூக்குச்சட்டி இல்லை என்றால் அஃது எத்தகைய போக்கு என்பதைப் படிப்போரே உய்த்துணர்க.

விடுதலைக்குப் பின் பயிற்சி முறை மாறிக்கொண்டே வந்தது. 1957 முதல் பகற்பயிற்சி நிலையங்களும் 1960களின் நடுவில் வட்டாரப் பயிற்சி நிலையங்களும் தோன்றின. பின்னவற்றில் பயிற்சியாளர் வாரநாளில் பள்ளியில் கற்பித்து, வார இறுதியிலும் விடுமுறையிலும் பயின்றனர். 1970களில்தான் ஈராண்டு முழுநேரப் பயிற்சி எல்லா மொழிப் பள்ளி ஆசிரியர்க்கும் பொதுவாயிற்று. தோட்டத்துப் பிள்ளை விடுதியில் தங்கலானான். வார இறுதியும் கைமாறிற்று: முன்னர் ஆசிரியர் பயணம் செய்த அந்த நாளில் இப்போது பெற்றோர் பயணம் செய்தனர்.

செராசில் இருந்தது சிறப்பாசிரியர் பயிற்சிக் கல்லூரி. மலாயில் ‘இல்மு காஸ்’ என வழங்கும் அக்கல்லூரி இசை, ஓவியம், உடற்கல்வி, மனையியல், உடற்குறையுடைய பிள்ளைகளுக்கான கல்வி ஆகியவற்றில் ஆசிரியரைப் பயிற்றியது. இன்று ஆசிரியர் கல்விக் கழகத்தின் ஒரு வளாகமாக அது விளங்குகின்றது. அதனைச் சூழ்ந்த பண்டார் துன் ரசாக் முன்னர்க் கம்போங் கோங்கோ எனப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் ஐக்கிய நாடுகளின் சார்பில் காங்கோ நாடு சென்ற மலாயாப் படையினரை நினைந்து வந்த பெயராம். தொலைவிலுள்ள ஆப்பிரிக்க நாட்டின் பெயரை, வாய்க்கு வந்தபடி உச்சரித்துத் தோட்டத்துப் பெற்றோர் பேருந்தில் சீட்டுக் கேட்டது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

இப்பயணத்தின் விலை இன்னதென அறிதல் வேண்டும். பால்மரம் வெட்டுவோர் நாட்கூலியர். விடியுமுன் பிரட்டுக்கு நின்றால்தான் பெயர் விழும். பெயர் விழுந்தால்தான் கூலி. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலியும் குறையும். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் 1957 சூன் முதல் நடப்புக்கு வந்து வாரத்திற்கு ஒருநாள் ஓய்வைத் தொழிலாளியின் உரிமையாக்கிற்று. இச்சட்டம் இல்லையேல் ஞாயிற்றுக்கிழமைப் பெற்றோர் என ஒரு கூட்டமே தோன்றியிராது என்பது மிகையன்று. ஆனால் அந்த ஓய்வுநாளும் வெறுநாள் அன்று. வாரம் முழுதும் கிடந்த துணி துவைத்தல், விறகு சேர்த்தல், காய்கறித் தோட்டத்துக்கு நீர் விடுதல், மாடு இருந்தால் புல் அறுத்தல் ஆகிய யாவும் அன்றைக்கே. அவற்றையெல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டே அவர்கள் புறப்பட்டனர். சம்பள நாளை அடுத்து வரும் ஞாயிறே பெரும்பாலும் ஏற்றது. மாதக் கடைசியென்றால் பேருந்துக் காசு இராது.

வழியும் எளிதன்று. கிள்ளானுக்கு அப்பாலுள்ள காப்பார், மேரு தோட்டங்களிலிருந்து வருவோர் முதலில் மண்சாலையில் நடந்தோ லாரியில் ஏறியோ பெருஞ்சாலை சேர வேண்டும். அங்கிருந்து கிள்ளானுக்கு ஒரு பேருந்து. கிள்ளானிலிருந்து இருபது கட்டை தொலைவிலுள்ள கோலாலம்பூருக்கு இரயிலோ மற்றொரு பேருந்தோ. சிலாங்கூரின் முதல் இரயில் பாதை 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்தது. ஈயம் ஏற்றப் போட்ட பாதை அது. கோலாலம்பூரில் இறங்கியபின் புடு வழியாகச் செராசுக்கு மூன்றாவது வண்டி. 1976இல் புடுராயா நிலையம் திறக்கப்பட்டபின் வெளியூர்ப் பேருந்துகள் பல ஓரிடத்தில் வந்து சேர்ந்தன. ஆயினும் அதன் புகையும் இரைச்சலும் தோட்டத்தாரைத் திகைக்க வைத்தன. மூன்று வண்டி மாறி நண்பகலுக்குச் சேர்ந்தால், மூன்று மணிக்கெல்லாம் திரும்பினாலன்றிக் கடைசிப் பேருந்து கிட்டாது. ஆறேழு மணி நேரப் பயணத்துக்கு ஈடாக இரண்டு மூன்று மணி நேரக் காட்சி!

தொலைவிலிருந்து வந்தோர்க்கு ஓரிரவு தங்கப் பிரிக்பீல்ட்ஸ் துணை நின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இரயில்வேக் குடியிருப்புகளில் உறவினரோ ஊர்க்காரரோ யாரேனும் ஒருவர் இருப்பார். ஒருவரும் இல்லாவிடினும் ‘எந்தத் தோட்டம்?’ என்ற ஒரு கேள்வி உறவு கண்டுபிடித்துவிடும். சனிக்கிழமை இரவு அங்குப் பாயில் படுத்து, ஞாயிறு காலை மகாமாரியம்மனைத் தொழுது, பின் செராசுக்குச் செல்வது பலர் கைக்கொண்ட முறை.

கல்லூரி வாயிலில் நடப்பதே இப்பயணத்தின் உட்கரு. காவலர் மலாயில் கேட்பார். தந்தை தாம் சந்தையிற் கற்ற மலாயில் விடை சொல்வார். பிள்ளை வருவான், சட்டையை உள்ளே விட்டுச் சப்பாத்து அணிந்தவனாய். தாயின் கையில் முறுக்கு டின், ஊறுகாய்ப் போத்தல், வாழையிலையில் பொதிந்த சோறு. பிற இனத் தோழர் பார்க்க அப்பொதியைப் பிரிக்க நாணிய பிள்ளைகள் இருந்தனர் என்பதை மறைத்துப் பயனில்லை. பெற்றோரை மரநிழலுக்கு அழைத்துச் சென்று அவசரமாக அனுப்பி வைத்தோரும் உண்டு. அந்நாணத்தைப் பிள்ளையின் பிழையென்று முடித்துவிடுதல் எளிது. ஆனால் தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்து, மலாய் வழியிற் படித்துத் தேறி வந்தவன் அவன். ஒவ்வொரு படியிலும் தோட்டத்தின் அடையாளத்தை உதிர்த்தால்தான் மேலே செல்லலாம் எனப் பிறர் நோக்கே அவனுக்குப் பாடம் புகட்டியிருந்தது. அதே பிள்ளை மறுநாள் அம்முறுக்கைத் தோழரோடு பகிர்ந்து தின்றான் என்பதும் சேர்த்து எண்ணத்தக்கது.

இன்னொன்றும் அந்நிழலில் நடந்தது. பயிற்சி மாணவர்க்கு அரசு மாதப்படி தந்தது. அதிற் சிக்கனம் பிடித்து வைத்த சில வெள்ளித் தாள்களைப் பிள்ளை தாயின் கையில் வைப்பான். தாய் வேண்டாமென்பாள், தந்தை வேறுபக்கம் பார்ப்பார், பின்னர் அது முந்தானை முடிச்சில் ஏறும். தம்பியின் பள்ளிச் சீருடைக்கோ கடைக் கடனுக்கோ அது போகும். பெற்றோர் கொண்டு வந்தது உணவு, கொண்டு சென்றது பணம். பிள்ளை படித்து முடித்தபின் குடும்பத்தைத் தாங்குவான் என்பது பொதுவான எண்ணம். படிக்கும்போதே தாங்கத் தொடங்கிவிட்டான் என்பது உண்மை. கூட வந்த தம்பியோ தங்கையோ இதையும் கல்லூரிக் கட்டடத்தையும் ஒருங்கே பார்த்தனர். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று ஆசிரியர் தோன்றிய தோட்டங்களில் இதற்கும் பங்கிருத்தல் கூடும்.

1980களுக்குப் பின் கிள்ளான் பள்ளத்தாக்கில் கித்தா மரங்கள் சாய்ந்தன. சில தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பல வீடமைப்புப் பகுதிகளாயின. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயா நகராயிற்று. அங்கிருந்த நான்கு தோட்டத்துக் குடும்பங்கள் டிங்கிலுக்குக் குடிபெயர்ந்தன. கல்லூரிக்குச் செல்லும்போது ஒரு முகவரி, படிப்பு முடிந்து திரும்பும்போது வேறு முகவரி என்ற நிலை அக்காலத்துப் பிள்ளைகளுக்கு வாய்த்தது. 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று 530க்குச் சற்றே குறைவு. பெற்றோர் பிள்ளையைப் பார்க்கச் சென்ற காலம் போய், தான் பிறந்த தோட்டம் எங்கே எனப் பிள்ளை தேடும் காலம் வந்தது.

போக்குவரத்தோ நேர்மாறாக வளர்ந்தது. 1998இல் இலகு இரயில் பண்டார் துன் ரசாக்கைத் தொட்டது. 2017இல் காஜாங் வரை பெருவிரைவு இரயில் செராஸ் சாலையின் மேலாக ஓடலாயிற்று. 1997இல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் செராசில் அமைந்ததால், அவ்வட்டாரத்துக்கு வரும் தமிழ்ப் பெற்றோருள் மருத்துவம் பயிலும் பிள்ளையைக் காண வருவோரும் சேர்ந்தனர். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கல்லூரி வாயில்கள் அடைபட்டன. அவசரகாலத்து ஊரடங்கை அறிந்த முதியோர் சிலர் இன்னும் இருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அப்போது கைத்தொலைபேசியில் முகம் பார்க்க முடிந்தது. கட்டுப்பாடு தளர்ந்ததும் முதற்கண் கேட்கப்பட்ட கேள்வி, வெளியிலிருந்து சமைத்த உணவை விடுதிக்குள் கொண்டு செல்லலாமா என்பதே.