ஈயும் மூங்கிற்கோலும்

பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்த 'மூஷ்' என்ற சொல்லுக்கு ஈ என்று பொருள். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் பொய்ப்பூச்சிக்கும் அதுவே பெயர். அதற்கு எடையே கிடையாது. கனத்த நூலை வீசினால் அதனோடு போய் விழும். ஆகவே கோலும் நூலும் பொருந்தவேண்டும்.

டிரவுட் பூச்சி தின்னும். அதற்கு லேசான கோல், சின்ன ஈ. முட்டையிட ஆறேறும் சால்மன் இரையே எடுப்பதில்லை. அதற்கு இரு கையால் வீசும் நீளக்கோல், பளிச்சென்ற பெரிய ஈ. பசியில்லாமல் ஏன் கவ்வுகிறது என்பது தீராத வழக்கு.

1898-இல் பாரிஸில் ரிட்ஸ் ஓட்டலைத் திறந்த செசார் ரிட்ஸின் மகன் ஷார்ல் (1891–1976), அமெரிக்காவில் மூங்கிற்கோல்களைச் செப்பனிட்டுப் பழகியவர். பிறகு அம்புவாஸ் நகரத்துப் பெசோன் எ மிஷேல் கம்பெனிக்காக, கைப்பிடிவரை வளையும் 'பாராபோலிக்' கோலை வடிவமைத்தார். தகப்பனார் பேரை ஓட்டல் சொல்கிறது. மகன் பேரை, என்னைக் கேட்டால், அந்த மூங்கில்தான் சொல்லும்.