பஷ்மினா ஆடு மேயும் மண் எப்படிப்பட்டது?

பஷ்மினா சால்வை உங்களுக்குத் தெரியும். அந்த ஆடு மேயும் மண்ணைப் பற்றி யோசிச்சிருக்கீங்களா?

எங்கே இருக்கிறது?
லடாக்கின் கிழக்கே, பெரும்பாலும் 4,000 மீட்டருக்கு மேலே: சாங்தாங். லே நகரில் ஆண்டு முழுக்கப் பெய்வது சுமார் 100 மி.மீ. மழைதான். மும்பையில் ஜூலையில் ஒரே நாளில் அவ்வளவு கொட்டிவிடும்.

என்ன மண்?
சரிவுகளில் பெரும்பாலும் சரளை கலந்த மணற்பாங்கான இருவாட்டி மண். அதாவது மணல் தூக்கலாக, வண்டலும் களியும் கொஞ்சமாக. ஈரமாக்கிப் பிடித்தால் உருண்டையாகும், அழுத்தினால் உதிர்ந்துவிடும். தண்ணீர் தேங்காது, வேருக்குக் காற்று கிடைக்கும். ஆனால் ஈரமும் சீக்கிரம் போய்விடும்.

சத்து இருக்கா?
குறைவுதான். செடிகள் குறைவு என்பதால் மண்ணில் சேரும் மட்கும் குறைவு. குளிரில் நுண்ணுயிரிகளும் மெதுவாகவே வேலை செய்யும். மழை கழுவிச் செல்லாததால் சுண்ணாம்பு தங்கி, மண் காரத்தன்மையோடு இருக்கும். பள்ளத்தாக்கின் ஈரப் புல்வெளிகளில்தான் தீவனம் அதிகம்.

நமக்கு ஏன் முக்கியம்?
வேர்தான் இந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. வண்டிச் சக்கரமோ அதிக மேய்ச்சலோ மேற்பரப்பைக் கிழித்தால், நுண்மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். புல் மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும். அதனால்தான் சாங்பா மேய்ப்பர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். நிலத்துக்கு ஓய்வு வேண்டும். பாங் பகுதியில் பெரிய சூரிய மின் திட்டம் பேசப்படும்போது அவர்கள் கேட்பதும் இதுதான்: இடம் மாற நிலம் மிஞ்சுமா?